பிந்தான் வார இறுதிச் சைக்கிள் பந்தயம்: முதல்முறை போகிறேன், ஆலோசனை தேவை

தானாமேரா_தம்பி | செவ்வாய், இரவு 10:12

வணக்கம். இங்கே வெகுநாள் வாசகன், எழுதுவது இப்போதுதான். இந்தோனேசியாவின் பிந்தான் தீவில் நடக்கும் டூர் டி பிந்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை டைம் டிரையலை (ஒவ்வொருவராகத் தனியே நேரம் பார்த்து ஓட்டுவது) விட்டுவிட்டு, சனிக்கிழமை நெடுந்தூரம், ஞாயிற்றுக்கிழமை அதைவிடச் சற்றுக் குறைவானது, இரண்டுக்கும் பணம் கட்டியாயிற்று.

வயது 38, வீடு சிங்கப்பூரில் பிடோக். வாரநாளில் விடியற்காலை தானா மேரா கடற்கரைச் சாலை. ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு மண்டாய், கிராஞ்சி, லிம் சூ காங் என்று ஒரு சுற்று, முடிவில் ஜாலான் காயுவில் பரோட்டா. தட்டையான சாலையில் தனியாக மணிக்கு 33, 34 கி.மீ. பிடித்துக்கொண்டு போக முடிகிறது.

இந்த வேகம் போதுமா? இரண்டு நாளும் ஓட்ட வேண்டும் என்றால் முதல் நாள் எவ்வளவு அடக்கி வாசிப்பது? பின்சக்கரத்தில் 11-28 காஸெட்தான் (சிறிய பல்சக்கரத்தில் 11 பல், பெரியதில் 28) இருக்கிறது, மாற்ற வேண்டுமா? "தீபாவளி நேரத்தில் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து நிற்காதே" என்று வீட்டில் எச்சரிக்கை கொடுத்தாயிற்று. அதனால் விழாமல் இருப்பது எப்படி என்றும் யாராவது சொல்லுங்கள்.

பழைய_செயின் | செவ்வாய், இரவு 11:05

வாங்க தம்பி. வேகம் போதும். முன்னணியோடு கடைசி வரை நிற்க முடியாது, அதற்காக ஒரேயடியாகப் பின்தங்கவும் மாட்டீர்கள். நடுவில் ஒரு கூட்டம் அமையும், உங்கள் பந்தயம் அதற்குள்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. நெருக்கமான கூட்டத்துக்குள் ஓட்டிப் பழக்கம் உண்டா? சிங்கப்பூரில் சட்டப்படி ஓட்டுகிறவருக்கு அது வர வழியே இல்லை. 2022 ஜனவரி 1 முதல் சாலையில் ஒரு குழுவின் நீளம் ஐந்து சைக்கிளைத் தாண்டக் கூடாது. ஒற்றை வரிசை என்றால் ஐந்து பேர், இருவர் இருவராகப் போக அனுமதி உள்ள சாலையில் பத்துப் பேர். மீறினால் 150 வெள்ளி அபராதம். அடுத்த குழுவுக்கும் நமக்கும் நடுவே இரண்டு விளக்குக் கம்பம், அதாவது சுமார் 30 மீட்டர் இடைவெளி விடச் சொல்லியிருக்கிறார்கள். இப்படியே பழகிய ஒருவரைச் சனிக்கிழமை காலை நூறு, இருநூறு பேர் நடுவே கொண்டுபோய் நிறுத்தினால் தொடையில் எவ்வளவு பலம் இருந்தாலும் உதவாது.

விழுவது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். உங்கள் முன்சக்கரம் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நாலு விரல் ஏறி நிற்கிறது. அவர் ஒரு குழியைப் பார்த்து ஒதுங்குகிறார். அவர் சக்கரம் உங்கள் சக்கரத்தைத் தட்டுகிறது. அவருக்கு ஒன்றும் ஆகாது, தட்டியதே தெரியாமல் போய்விடுவார். விழுவது நீங்கள், உங்கள் மேல் பின்னால் வருகிற மூன்று பேர். ஆகவே சக்கரத்தோடு சக்கரம் பக்கவாட்டில் ஏறி நிற்காதீர்கள். நேர் பின்னால் இருங்கள், அல்லது முழுக்க ஒதுங்கி இருங்கள்.

ஏற்றத்தில் இன்னொன்று இருக்கிறது. உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருப்பவர் திடீரென்று எழுந்தால், அந்த ஒரு நொடி மிதியில் விசை இருக்காது. அவர் உடம்பு முன்னே போகும், சைக்கிள் அவருக்கு அடியில் பின்னுக்கு வரும். ஒட்டி வருகிறவர் அதில் போய் மோதுவார். எழுகிறவர் முதலில் ஒரு பல் கனமான கியருக்கு மாற்றிக்கொண்டு, கால் கீழே அழுத்துகிற அதே வேளையில் எழ வேண்டும். பின்னால் இருக்கிறவர் ஏற்றம் தொடங்குமுன்பே அரைச் சக்கரம் இடைவெளி கூட்டிக்கொள்ள வேண்டும். பிந்தானில் மேடும் பள்ளமும் மாறி மாறி வரும், ஆகவே இது ஒருமுறை நடந்து ஓய்கிற சங்கதி அல்ல.

கிராஞ்சி_காற்று | புதன், காலை 6:48

// தொடையில் எவ்வளவு பலம் இருந்தாலும் உதவாது //

அண்ணே, இதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது. கூட்டத்தில் ஓட்டத் தெரிவது கூட்டம் இருக்கிறவரைதான். தொடக்கத்தில் அமைப்பாளர்களின் வண்டிக்குப் பின்னால் மெதுவாகக் கூட்டிப்போவார்கள், வண்டி விலகியதும் அடுத்த சில ஏற்றங்களிலேயே கூட்டம் துண்டு துண்டாகிவிடும். அங்கே கால் இல்லாதவனுக்குக் கலை இருந்து என்ன பயன்?

தம்பி, தட்டைச் சாலையின் 34 கி.மீ. வேகத்தை வைத்து எதையும் கணக்குப் போடாதீர்கள். நம் ஊரின் உச்சியே புக்கிட் தீமா, 163 மீட்டர். பிந்தானிலும் மலைத்தொடர் இல்லை, ஆனால் குட்டையான செங்குத்து ஏற்றங்கள் ஒன்று முடியுமுன் அடுத்தது வந்து நிற்கும். மவுண்ட் ஃபேபரைத் திரும்பத் திரும்ப ஏறுங்கள். ரைஃபிள் ரேஞ்ச் சாலை, சவுத் புவன விஸ்தா சாலை இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் முழு வலுவோடு ஏறி, மூச்சு அடங்குமுன் மறுபடி ஏறுகிற பயிற்சிதான் வேண்டும்.

காஸெட்டைக் கட்டாயம் மாற்றுங்கள். 11-32 அல்லது 11-34. செயினைப் பல் மாற்றும் டிரெய்லியரின் கை குட்டையாக இருந்தால் 34 பல் ஏறாது, கடையில் காட்டிக் கேளுங்கள். புதுக் காஸெட்டோடு பழைய செயின் தேய்ந்திருந்தால் பல் வழுக்கும், இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். (பழைய செயின் அண்ணனைச் சொல்லவில்லை.)

இன்னொரு தகவல்: யூசிஐ (உலகச் சைக்கிள் ஓட்டச் சங்கம்) வயதுக் கணக்கில் உங்கள் பிரிவு 35–39. அங்கே வருகிறவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை.

சும்மா_சொல்றேன் | புதன், காலை 9:30

எல்லாரும் உலகக் கோப்பைக்குப் போவது போலப் பேசுகிறீர்கள். இது பந்தயமே இல்லை, பணம் கட்டிப் போகும் ஊர்வலம். நுழைவுக் கட்டணம், படகு, உல்லாசத்தலத்தில் இரண்டு இரவு, காஸெட், செயின். எல்லாம் கூட்டிப் பாருங்கள், குடும்பத்தோடு திருச்சி போய் வந்திருக்கலாம். பந்தயம் பார்க்க வேண்டுமா, மரினா பேயில் டூர் டி பிரான்ஸ் கிரிட்டீரியம் (குறுகிய சுற்றுப்பாதையில் திரும்பத் திரும்ப ஓட்டும் பந்தயம்) நடந்ததே, அது பந்தயம். 2022இல் விங்கெகோர் ஜெயித்தார். 2024 நவம்பரில் கேவென்டிஷ் தன் கடைசிப் பந்தயத்தை அங்கேதான் ஓட்டி ஜெயித்துவிட்டு ஓய்வு பெற்றார். தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று இலவசமாகப் பார்த்தேன்.

பழைய_செயின் | புதன், மதியம் 12:40

ஜெயிக்கப்போகிறவர் யார் என்று ஓரளவு முன்பே ஊகிக்கிற காட்சிப் பந்தயத்தைப் பந்தயம் என்கிறீர்கள். பிந்தானில் நாற்பது வயதுக்காரர் வாந்தி வருகிற அளவுக்கு மிதிப்பதை ஊர்வலம் என்கிறீர்கள். நல்ல கணக்கு.

2011இலிருந்து நடந்துவந்த போட்டி அது. யூசிஐ கிரான் ஃபோண்டோ (அமெச்சூர்களுக்கான நெடுந்தூரப் போட்டி) உலகத் தொடரில் தகுதிச் சுற்றாகவும் இருந்திருக்கிறது. ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் முன்னால் முடிக்கும் குறிப்பிட்ட விழுக்காட்டினர் அமெச்சூர் உலகப் போட்டிக்குத் தகுதி பெறுவார்கள். 2025இல் அந்த உலகப் போட்டி ஆஸ்திரேலியாவின் லோர்னில் நடந்தது. அதற்காகவே உடம்பைத் தயார்செய்துகொண்டு வருகிறவர்களும் உண்டு, படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்களும் உண்டு. இரண்டு வகையும் ஒரே சாலையில் ஓடுவதுதான் இதன் ருசி.

திருச்சிக்கு அடுத்த விடுமுறையில் போகலாம்.

ஈசூன்_அக்கா | புதன், இரவு 8:15

சாப்பாட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. இரண்டு நாள் பந்தயத்தில் பாதி வேலை அதுதான்.

தம்பி, முதல் நாள் அடக்கி வாசிப்பதா என்று கேட்டிருந்தீர்கள். வேகத்தை அடக்குவதைவிட வயிற்றைக் காலியாக விடாமல் இருப்பது முக்கியம். மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஜெல் (சர்க்கரைக் கூழ் பொட்டலம்) என்றால் ஒன்றில் பெரும்பாலும் 20 முதல் 30 கிராம்தான் இருக்கும், உறையைப் பாருங்கள். ஒரு வாழைப்பழமும் கிட்டத்தட்ட அதே கணக்கு. 90 கிராமை முதன்முதலாகப் பந்தயத்தன்று முயன்றால் வயிறு ஒத்துழைக்காது. இப்போதிருந்தே ஞாயிற்றுக்கிழமைச் சுற்றில் பழக்குங்கள். ஜாலான் காயு வரை பட்டினியாக ஓட்டிவிட்டு அங்கே மூன்று பரோட்டாவில் கணக்கை நேர்செய்வது பயிற்சி ஆகாது.

தண்ணீர் விஷயம். நம் ஊரிலும் அங்கேயும் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை கொட்டும், ஆனால் காய்ந்து போனால்தானே உடம்பு குளிரும்? சொட்டி விழுகிற வியர்வையால் உப்பு நஷ்டம் மட்டும்தான். வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தால் இரத்தத்தில் உப்பு இறங்கி, தலைவலி, குமட்டல், அதற்கு மேலும் போகும். ஒரு புட்டியில் உப்புக் கலந்த பானம், இன்னொன்றில் வெறும் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீர் தலையிலும் கழுத்திலும் ஊற்றவும் ஆகும். இனிப்புப் பானத்தைத் தலையில் ஊற்றிக்கொண்டவரைப் பார்த்திருக்கிறேன், கண் எரிச்சலோடு எறும்பும் இலவசம்.

சனிக்கிழமை முடிவுக் கோட்டைத் தாண்டியதும் படம் எடுக்க நிற்காமல் ஏதாவது சாப்பிடுங்கள். சோறு, முட்டை, கோழி, எது கிடைத்தாலும். அறைக்குப் போய்க் குளித்து, ஒரு தூக்கம் போட்டு, சாயங்காலம் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை முதல் ஏற்றத்தில் தெரியும்.

இன்னொரு விஷயம் ஆண்களுக்கு. நடுக் கூட்டத்தில் பெண்களும் இருப்போம். நாங்கள் ஒருவரைத் தாண்டினால் உடனே எழுந்து துரத்தி, பத்து மீட்டர் முன்னால் போய், அங்கே மூச்சு முட்டி வேகத்தைக் குறைக்கிற வழக்கத்தை இந்த வருஷமாவது விடுங்கள். கூட்டம் மொத்தமும் உங்களால் பிரேக் பிடிக்கிறது.

பரோட்டா_பெலட்டன் | புதன், இரவு 8:52

அக்கா, கடைசிப் பத்தியை அச்சடித்து தானா மேரா சாலையில் ஒட்டலாம்.

கிராஞ்சி_காற்று | வியாழன், காலை 6:20

எனக்கு வேறொரு வழக்கம்தான் எரிச்சல். நாம் காற்றை வாங்கிக்கொண்டு முன்னால் இழுப்போம். பின்னால் ஒருவர் ஒரு முறைகூட முன்னால் வராமல் ஒட்டிக்கொண்டே வருவார். கடைசி 200 மீட்டரில் புத்துணர்ச்சியோடு தாண்டிப் போவார். அவரை என்னவென்று சொல்வது?

பரோட்டா_பெலட்டன் | வியாழன், காலை 6:31

உங்களுக்கு முன்னால் முடித்தவர் என்று சொல்லலாம்.

கிராஞ்சி_காற்று | வியாழன், காலை 6:33

சிரிக்கிறேன், ஆனால் கேள்வி கேள்விதான்.

பழைய_செயின் | வியாழன், இரவு 9:10

இதில் தம்பியின் கேள்விக்கும் பதில் இருக்கிறது, அதனால் நீளமாக எழுதுகிறேன்.

தட்டைச் சாலையில் மணிக்கு 30 கி.மீ.க்கு மேல் போனால் நம் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. காற்றுக்காகச் செலவாகும் சக்தி வேகத்தின் மும்மடியில் ஏறும். வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் அந்தச் செலவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். ஒருவர் பின்னால் ஒட்டிப் போகிறவர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உழைப்பை மிச்சப்படுத்துகிறார். பெரிய கூட்டத்தின் நடுவில் மிச்சம் இன்னும் அதிகம். ஆக, முன்னால் இழுப்பது இலவசச் சேவை. யாரும் உங்களைக் கேட்கவில்லை, நீங்களாக முன்வந்து செய்கிறீர்கள்.

அப்படியானால் யாரும் இழுக்க வேண்டாமா? பன்னிரண்டு பேர் உள்ள நடுக் கூட்டத்தில் எல்லாரும் ஒளிந்துகொண்டால் பின்னால் வரும் கூட்டம் வந்து விழுங்கிவிடும். நியாயமான வழி: முன்னால் வந்தால் அரை நிமிடம், வேகத்தைக் கூட்டாமல் அப்படியே வைத்திருந்து, ஒதுங்கி வழிவிட்டு, வரிசையின் கடைசிக்கு நழுவுங்கள். "நான் வந்துவிட்டேன் பார்" என்று 36இலிருந்து 41க்கு ஏற்றுகிறவர்தான் ஒட்டிக்கொண்டு வருகிறவரைவிடக் கூட்டத்துக்குக் கெடுதல் செய்கிறவர், ஏனென்றால் இப்போதுதான் இழுத்து முடித்துக் களைத்தவர் கடைசியில் கழன்று போவார். இழுக்கத் தெம்பு இல்லையா, வெட்கப்படாமல் வாலில் இருங்கள், பின்னால் நழுவி வருகிறவரிடம் "முன்னால் நுழைந்துகொள்ளுங்கள்" என்று சொல்லி இடம் விடுங்கள்.

தம்பி, முதல் நாள் அடக்கி வாசிப்பது என்றால் இதுதான். மெதுவாக ஓட்டச் சொல்லவில்லை. ஏற்றத்தில் தேவையான வலுவைக் கொடுங்கள், தட்டையில் ஒளிந்துகொள்ளுங்கள். ஒளிந்துகொள்ள வேண்டுமானால் நெருங்கி ஓட்டத் தெரிய வேண்டும். பயந்து இரண்டு மீட்டர் தள்ளி ஓட்டினால் பாதி மறைவு போய்விடும், மீதி இடத்தில் யாராவது நுழைந்துவிடுவார். காற்று தம்பி கேட்ட பலமும் நான் சொன்ன பழக்கமும் இங்கேதான் ஒன்றுசேர்கின்றன. பழக்கம் இல்லாதவன் பலத்தைக் காற்றுக்குத் தானம் கொடுக்கிறான்.

கிராஞ்சி_காற்று | வியாழன், இரவு 9:42

சரி, இதை ஏற்றுக்கொள்கிறேன். 200 மீட்டர் ஆசாமியை மன்னிக்க மட்டும் மாட்டேன்.

தானாமேரா_தம்பி | வியாழன், இரவு 10:30

ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டிருக்கிறேன், நன்றி. காஸெட்டும் செயினும் மாற்றக் கடையில் சொல்லியாயிற்று. ஆனால் பழகுவது எப்படி? ஐந்து சைக்கிளுக்கு மேல் போனால் அபராதம். பெரிய கூட்டங்கள் அதிகாலையில் பறப்பதைப் பார்த்திருக்கிறேன், அவர்களோடு சேரவும் மனமில்லை.

சும்மா_சொல்றேன் | வியாழன், இரவு 10:47

அந்த ஐந்து சைக்கிள் விதியை எடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். சைக்கிள் ஓட்டத் தெரியாதவர்கள் போட்ட விதி.

இரட்டைமாடி | வெள்ளி, அதிகாலை 1:20

இப்போதுதான் வேலை முடிந்து வந்தேன். நான் பேருந்து ஓட்டுநர், ஓய்வு நாளில் சைக்கிளும் ஓட்டுகிறேன், ஆகவே இரண்டு பக்கமும் தெரியும்.

பன்னிரண்டு மீட்டர் வண்டியில் உட்கார்ந்து பாருங்கள். சைக்கிளைத் தாண்டும்போது பக்கவாட்டில் ஒன்றரை மீட்டர் விடச் சொல்கிறார்கள், விடத்தான் வேண்டும். அதற்கு அடுத்த தடத்தில் பாதிக்குப் போக வேண்டும். ஐந்து சைக்கிள் ஒற்றை வரிசை என்றால் போய் முடித்துத் திரும்பிவிடலாம். இருபது பேர் நீளமாகப் போனால் நடுவழியில் பக்கத்துத் தடத்துக் காரும் வந்துவிடும், முன்னால் நிறுத்தமும் வந்துவிடும். நடுவில் புகுந்து கூட்டத்தை வெட்டுகிற ஓட்டுநரைத் திட்டுகிறீர்கள், சரி. அவருக்குப் போக வேறு இடம் எங்கே?

பந்தயப் பழக்கத்துக்குப் பொதுச்சாலைதான் வேண்டுமா? சாலையை மூடி நடத்துகிற போட்டிகளில் பழகட்டும், திடலில் பழகட்டும். பொதுச்சாலையில் என் பேருந்துக்கு முன்னால் வேண்டாம்.

சும்மா_சொல்றேன் | வெள்ளி, காலை 9:05

பதில் இல்லை. தூங்குங்கள் அண்ணே.

ஈசூன்_அக்கா | வெள்ளி, மதியம் 1:15

ஐந்து பேர் போதும் தம்பி. நல்ல நண்பர்கள் நால்வரைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஒற்றை வரிசையில் அரை நிமிடத்துக்கு ஒருமுறை முன்னவர் ஒதுங்கிப் பின்னால் வருவது, இதை ஒரு மணி நேரம் பேசாமல் செய்யுங்கள். முன்சக்கரத்துக்கும் முன்னவரின் பின்சக்கரத்துக்கும் நடுவே ஒரு மீட்டரில் தொடங்கி, வாரம் போகப் போகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். கண்ணை அவர் சக்கரத்தில் வைக்காதீர்கள். இடுப்பைப் பாருங்கள், தோளுக்கு மேலாகச் சாலையைப் பாருங்கள். அவர் பிரேக் பிடிக்கப்போவது இடுப்பில் முதலில் தெரியும். நீங்கள் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்காமல் மிதிப்பதை நிறுத்தி, உடம்பை நிமிர்த்திக் காற்றை வாங்கினாலே வேகம் இறங்கிவிடும்.

அப்புறம் புல்தரை. ஓட்ட அனுமதி உள்ள திடலாகப் பார்த்து, பழைய சைக்கிளில், நடக்கிற வேகத்தில் இருவர் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுங்கள். முழங்கையால் இடியுங்கள், தோளோடு தோள் சாயுங்கள். பிறகு உங்கள் முன்சக்கரத்தால் நண்பரின் பின்சக்கரத்தை வேண்டுமென்றே லேசாகத் தொடுங்கள். முதலில் விழுவீர்கள், புல்தானே. தட்டின பக்கத்துக்கே சாய்ந்து ஓட்டினால் விழாமல் தப்பலாம் என்று உடம்பு கற்றுக்கொள்ளும். பயந்து எதிர்ப்பக்கம் இழுப்பவர்தான் விழுகிறார். இது வாயால் சொல்லி வருவதில்லை.

ஜூரோங்_ஜெட் | சனி, இரவு 7:30

பயணத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன்.

படகு தானா மேரா முனையத்திலிருந்து, சுமார் ஒரு மணி நேரம். சைக்கிளைப் பெட்டியில் கட்ட வேண்டுமா, உறை போதுமா என்று சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கழற்றும்போது இடது பெடலின் மரை தலைகீழ் என்பதை மறக்க வேண்டாம், வலுவாகத் திருப்பி மரையை நாசம் செய்தவர்கள் உண்டு. டிஸ்க் பிரேக் என்றால் சக்கரத்தைக் கழற்றியதும் பேட்களுக்கு நடுவே பிளாஸ்டிக் துண்டைச் செருகுங்கள். இல்லாவிட்டால் பையில் கைப்பிடி ஒருமுறை அழுந்தினாலே பேட் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பந்தய முன்னிரவில் ஸ்குரூடிரைவரால் நெம்பிக்கொண்டிருப்பீர்கள். டிரெய்லியரை ஃபிரேமில் தாங்கும் ஹேங்கர் கூடுதலாக ஒன்று கட்டாயம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒவ்வொரு அளவு, தீவில் தேடினால் கிடைக்காது.

அங்கே நேரம் நம்மைவிட ஒரு மணி பின்னால். பந்தய நேரம், திரும்பும் படகு நேரம் எல்லாம் அந்த ஊர்க் கணக்கு. கைப்பேசி சிங்கப்பூர் நேரத்திலேயே இருந்தால் அலாரம் ஒரு மணி முன்னதாக அடித்து அறை நண்பரின் சாபத்தை வாங்கித் தரும். கடப்பிதழ் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். இந்தியக் கடப்பிதழ்காரர்கள் இந்தோனேசிய விசாவை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள். படகிறங்கிய கூட்டம் மொத்தமும் சைக்கிள் பையோடு வரிசையில் நிற்கும்போது அருமை தெரியும்.

மட்டுறுத்துநர் | ஞாயிறு, காலை 11:00

டயர் காற்றழுத்தம் பற்றிய 14 பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே அடித்துக்கொள்ளுங்கள்.

தானாமேரா_தம்பி | சில வாரங்களுக்குப் பின், திங்கள், இரவு 9:20

பந்தயம் முடிந்து வந்துவிட்டேன். கையில் கட்டு இல்லை, வீட்டில் நிம்மதி.

சனிக்கிழமை தொடக்கத்தில் வண்டிக்குப் பின்னால் போகும்போது நான் எதிர்பாராதது சத்தம். யாரோ முன்னால் பிரேக்கைத் தொடுவார். உடனே எல்லாரும் மிதிப்பதை நிறுத்த, நூற்றுக்கணக்கான சக்கரங்களின் ஃப்ரீவீல் ஒரே நேரத்தில் கிர்ர்ரென்று கத்தும். அது முன்னாலிருந்து பின்னாக நம்மைக் கடந்து போகும். இரண்டு மூன்று முறை கேட்டபின் கண்ணால் பார்க்குமுன் காதே சொல்லிவிடுகிறது. வண்டி விலகியதும் வேகம் 28இலிருந்து 45க்குத் தாவியது. காற்று அண்ணன் சொன்னபடியே சில ஏற்றங்களில் மூன்று துண்டாயிற்று, நான் இரண்டாவதில்.

எங்கள் கூட்டத்தில் இருபது பேர் இருந்திருப்போம். ஒருவரும் முன்னால் போகாமல் ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டிருந்தோம். ஜகார்த்தாக்காரப் பெண் ஒருவர் முன்னால் வந்து, விரலால் ஒவ்வொருவரையும் சுட்டி வரிசையில் வைத்தார். அவர் ஒதுங்கு என்று முழங்கையை அசைத்தால் ஒதுங்க வேண்டும். 42இல் இழுத்த ஒருவரைப் பின்னாலிருந்து கத்தியே 37க்கு இறக்கினார். அதன்பின் ஒரு மணி நேரம் கடிகாரம் போல ஓடியது. சாலையோரம் பள்ளிப் பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள், தட்டிவிட்டுப் போக ஆசைதான், கைப்பிடியை விடத் துணிவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கால் கனத்தது. 34 பல் இல்லையென்றால் இறங்கித் தள்ளியிருப்பேன். எங்கள் கூட்டத்தில் ஒரு விழுகை, எனக்கு நாலைந்து பேர் முன்னால். அக்கா சொன்ன இடைவெளி இருந்ததால் ஒதுங்க முடிந்தது. விழுந்தவர் எழுந்து உட்கார்ந்தார், தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார், மருத்துவ வண்டி வந்தது. பிரிவில் நடுவாந்தர இடம். லோர்ன் போன்ற ஊருக்கெல்லாம் சீட்டு வாங்க வேண்டியிருக்காது.

கிராஞ்சி_காற்று | திங்கள், இரவு 9:33

அருமை. கடைசி 200 மீட்டரில் என்ன நடந்தது, அதைச் சொல்லவில்லையே?

தானாமேரா_தம்பி | திங்கள், இரவு 9:35

அதை இங்கே எழுதினால் நீங்கள் என்னோடு பேச மாட்டீர்கள் அண்ணே.

பரோட்டா_பெலட்டன் | திங்கள், இரவு 9:36

புரிந்துவிட்டது!

இரட்டைமாடி | செவ்வாய், அதிகாலை 1:05

வாழ்த்துகள் தம்பி. அடுத்த முறை நானும் வரலாம் என்றிருக்கிறேன். சைக்கிள் பை புதிதாக வாங்க வேண்டாம் என்று பார்க்கிறேன், யாரிடமாவது இரவல் கிடைக்குமா? 54 அளவு ஃபிரேம்.

ஜூரோங்_ஜெட் | செவ்வாய், காலை 7:50

என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது, ஒரு பக்கம் ஜிப் கொஞ்சம் இறுக்கம், மெழுகு தேய்த்தால் ஓடும். பூன் லே பக்கம் வருகிற நாளில் செய்தி அனுப்புங்கள்.